ஹெட் மாற்றிய பிறகு



சென்னையிலிருந்து வடக்கே ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடைகிற பிரயாணி, வழிநெடுகத் தம் கண்ணிற்படுகிற எழுத்துக்களைச் சற்றே கவனிப்பாரானால், அவற்றில் கையால் எழுதப்பட்டவை மிகச் சொற்பம் என்பதை உணர்வார். மனை விற்பனை அறிவிப்பு, காதணி விழா வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி, உருக்காலையின் மதில்மேல் தலைக்கவசமின்றி உள்ளே வராதீர் என்று தமிழிலும், வடக்கேயிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்காக இந்தியிலும் கட்டியிருக்கிற எச்சரிக்கை ஆகிய யாவும், ஏதோ ஒரு சந்தில், குளிர்பதனம் செய்த ஓர் அறையில், பத்தடி அகலமுள்ள ஒரு யந்திரம் இரவெல்லாம் இப்படியும் அப்படியும் ஓடி அச்சிட்டுத் தள்ளிய ஃபிளெக்ஸ் பேனர்கள்தாம். பேனர் என்றவுடன், 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததால் உயிரிழந்த இளம் பெண்ணின் நினைவு பலருக்கு வரக்கூடும், வருவது நியாயமே. ஆனால் அந்தக் குற்றம் அனுமதியின்றிச் சாலை நடுவில் கட்டியவர்களைச் சேர்ந்தது. அச்சடித்த யந்திரத்தின்மேல் அதை ஏற்றுவதற்கில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த யந்திரத்தின் ஓர் உறுப்பைப் பற்றியது. தொழிலில் இருப்பவர்கள் அதை 'ஹெட்' என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அந்தச் சிறு பெட்டி, யந்திரத்தில் அடிக்கடி மாற்றவேண்டி வருகிற பாகங்களில் விலை உயர்ந்தது. பழுதானால் பெரும்பாலும் திருத்த முடியாதது. கடைக்காரர் கடன் வாங்கியாவது வாங்கி மாட்டுவது. அப்படி மாட்டிய பிறகு யந்திரம் புத்துயிர் பெற்று ஓடவேண்டும் என்பதுதானே உலக நியாயம்? ஆனால் அனுபவத்தில் நாம் காண்பது வேறு. புது ஹெட் மாட்டிய அன்று மாலை, "புது ஹெட்டே போட்டாச்சு தம்பி, இன்னும் கோடு கோடா விழுதே" என்று சர்வீஸ்காரருக்குத் தொலைபேசியில் முறையிடாத கடைக்காரரைக் காண்பது அரிது. விவரம் தெரிந்த சர்வீஸ்காரர் அதற்குச் சமாதானம் சொல்லுவதில்லை, எதிர்க் கேள்விதான் கேட்கிறார்: "அண்ணே, பழைய ஹெட் எதனால போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர் புது ஹெட்டை மாட்டியிருக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், ஹெட்டின் உள்ளே நடக்கிற காரியம் என்ன என்பதை முதலில் கொஞ்சம் விவரித்தாக வேண்டும்.

1880-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் இருவர், சில வகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். மறு வருஷமே காப்ரியல் லிப்மன் என்ற விஞ்ஞானி, அப்படியானால் அதன் மறுதலையும் உண்மையாக இருக்கவேண்டும், அதாவது மின்சாரம் கொடுத்தால் படிகம் தன் வடிவத்தில் அணுவளவு மாறவேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னார். சகோதரர்கள் அதையும் பரிசோதித்து மெய்ப்பித்தார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1977-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனி அந்தத் தத்துவத்தை வைத்து மைத்துளிகளைத் தெறிக்கச் செய்யும் அச்சு யந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர் ஃபிளெக்ஸ் யந்திரங்களில் வெகுவாகப் பழக்கத்திலுள்ள கோனிகா மினோல்டா 512 என்ற ஹெட்டும் அந்த வமிசத்தைச் சேர்ந்ததே. அதன் அடிப்புறத்தில் 512 துவாரங்கள் இருக்கின்றன. ஓர் அங்குலத்துக்கு 360 புள்ளிகள் விழுகிற கணக்கில் அவை அமைந்திருப்பதால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கு ஏழு பங்குதான். இந்தத் துவாரங்களைத் தொழிலில் நாசில் என்கிறார்கள். ஒவ்வொரு நாசிலின் பின்னாலும் ஒரு நுண்ணிய அறை. அந்த அறையின் சுவரே மின்சாரத்துக்கு வளைந்து கொடுக்கும் பீங்கான். வினாடிக்குப் பல ஆயிரம் முறை சுவர் வளைகிறது. வளையும்போதெல்லாம் ஒரு துளி வெளியே தெறிக்கிறது. இந்த ரகத்தில் துளி ஒன்றுக்கு 30 பிக்கோலிட்டர் விடும் ஹெட் உண்டு. பிக்கோலிட்டர் என்றால் என்ன என்று மலைக்க வேண்டாம். ஒரு லிட்டர் மையை அந்த ஹெட் சுமார் 3,300 கோடித் துளிகளாகப் பிரித்து விடுகிறது என்று சொன்னால் போதும்.

இத்தனை சூட்சுமமான கருவி சாவதற்குச் சில காரணங்களே உண்டு. விலை மலிவு என்று இரண்டு கம்பெனி மைகளைக் கலந்து ஊற்றியதில் அவை ஒன்றோடொன்று ஒவ்வாமல் திரிந்து நாசிலுக்குள் உறைந்திருக்கலாம். மை வருகிற வழியிலுள்ள வடிகட்டி எப்போதோ அடைபட்டுப்போய், மை போதாமல் சுவர்கள் வெற்றறையில் துடித்துத் துடித்து ஓய்ந்திருக்கலாம். ஹெட்டை மின்பலகையோடு இணைக்கிற தட்டையான டேட்டா கேபிளின் முனையில் ஒரு சொட்டு மை இறங்கி, குறுக்கு மின்னோட்டம் பாய்ந்து கருகியிருக்கலாம். ஃபிளெக்ஸ் சுருளின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்று, அதன்மேல் ஓடிய ஹெட்டின் அடித்தகடு உராய்ந்து நாசில்கள் சிதைந்திருக்கலாம். இவற்றில் எது நேர்ந்திருந்தாலும், அந்தக் காரணம் யந்திரத்தின் உள்ளேதான் குடியிருக்கிறது. பழைய ஹெட்டோடு அது வெளியேறிவிடவில்லை. அதைத் தேடி அகற்றாமல் புது ஹெட்டை மாட்டுகிறவர், முதல் பலி வாங்கிய இடத்திலேயே இரண்டாவதையும் கொண்டுபோய் நிறுத்துகிறார். மின்பலகையில் குறை இருக்கும் யந்திரத்தில், ஒரே மாலையில் இரண்டு புது ஹெட்டுகளைப் பலிகொடுத்துவிட்டுக் கலங்கி நின்ற கடைக்காரர்களின் கதையைத் தொழிலில் இருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

மாட்டுகிற காரியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் வேண்டியது சாமர்த்தியமல்ல, நிதானம். யந்திரத்தின் மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே கேபிளில் கை வைக்க வேண்டும். கேபிள் இம்மியளவு சாய்ந்து நுழைந்தாலும் பக்கத்து முனையைத் தொட்டுவிடும். ஆகவே நேராகச் செருகியிருக்கிறதா என்று விளக்கொளியில் பார்ப்பது அவசியம். மைக் கையோடு அதைத் தொடவே கூடாது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற உப்புக் காற்றில் பழைய கேபிள்களின் உலோக முனைகள் களிம்பு ஏறிப்போவதும் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹெட் வாங்குகிறவர் அதோடு ஒரு புதுக் கேபிளையும் வாங்கிவிட்டால் பிற்பாடு வருகிற சந்தேகங்களில் பாதி பிறக்கவே பிறக்காது. புது ஹெட்டின் உள்ளே, அது காய்ந்துவிடாதிருக்கத் தொழிற்சாலையில் நிரப்பிய ஒரு திரவம் இருக்கும். மையை விடுமுன், அந்த மைக்கு உரிய ஃபிளஷ் திரவத்தைச் செலுத்தி அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் சோம்பலால் விட்டவர்கள் பின்னால் படுகிற பாடு பெரிது.

இனி, டெஸ்ட் பிரிண்ட். ஒவ்வொரு நாசிலும் ஒரு சிறு கோடு போடும்படி யந்திரத்தை ஏவி எடுக்கிற சோதனைப் பிரதி இது. புது ஹெட் மாட்டியவர் முதலில் எடுப்பதும் இதைத்தான், முதலில் தவறாகப் படிப்பதும் இதைத்தான். நூற்றுக்கணக்கான கோடுகளில் பதினைந்து இருபது விழவில்லை என்று கண்ட மாத்திரத்தில், அடைப்பு என்று தீர்மானித்து, கிளீனிங் மேல் கிளீனிங்காகக் கொடுத்து, கால் லிட்டர் மையை வடித்துத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இரண்டாவது பிரதி ஒன்று எடுக்க வேண்டும். சிறிது நேரம் பொறுத்து மூன்றாவதும் எடுக்கலாம். பிறகு அவற்றைப் பக்கம் பக்கமாக மேஜையில் பரப்பி வைத்துப் பார்க்க வேண்டும். கோடு விடுபடுகிற இடம் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றேயாக இருக்கிறதா, அல்லது முதல் பிரதியில் இங்கேயும் அடுத்ததில் அங்கேயுமாக இடம் மாறுகிறதா என்பதே இதில் கேட்க வேண்டிய கேள்வி.

இடம் மாறாமல் நின்றால், அந்த நாசில்தான் அடைபட்டிருக்கிறது. அல்லது அதற்குப் போகிற மின்கட்டளை போய்ச் சேரவில்லை. இடம் மாறிக்கொண்டே இருந்தால் நாசில்களின்மேல் ஒரு குற்றமுமில்லை. மை வருகிற வழியில் காற்று இருக்கிறது, அல்லது மை வேண்டிய அளவு வந்து சேரவில்லை. புது ஹெட்டில் இந்த இரண்டாவது வகையே பெரும்பான்மை. புதிதாக மை நிரப்பிய அறைகளில் சின்னஞ்சிறு காற்றுக் குமிழிகள் தங்கிவிடுகின்றன. பீங்கான் சுவர் கொடுக்கிற அழுத்தத்தை அந்தக் குமிழி தான் வாங்கிச் சுருங்கிக்கொள்ளுமேயல்லாமல் துளியை வெளியே அனுப்பாது. இதற்குக் கிளீனிங்கைக் காட்டிலும் பொறுமையே பரிகாரம்: கொஞ்சம் மையைத் தள்ளி விட்டு, ஹெட்டை மூடி, சில மணி நேரம் அப்படியே கிடக்கவிட்டால் குமிழிகள் மையிலேயே கரைந்து மறைந்துவிடுவதுண்டு. மாலையில் அரைகுறையாக இருந்த பிரதி மறுநாள் காலையில் முழுதாக வருவதைக் கண்டு அதிசயிப்பவர்கள் இருக்கிறார்கள், இதில் அதிசயமொன்றுமில்லை.

அச்சிடத் தொடங்கும்போது எல்லாக் கோடுகளும் ஒழுங்காக இருந்து, இரண்டு மூன்று அடி ஓடிய பிறகு நிறம் மங்கிக் கோடுகள் விடுபடத் தொடங்குமானால், அது மைப் பஞ்சம். பம்பு, வடிகட்டி, குழாய் மடிப்பு, சப் டேங்க் என்கிற சிறு மைத்தொட்டியின் மட்டம் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். இவற்றோடு வேக்யூம் என்ற ஒன்றும் இருக்கிறது. நாசில்கள் கீழ்நோக்கித் திறந்திருக்கையில் மை ஏன் தானாகச் சொட்டிவிடுவதில்லை என்று யாராவது கேட்டால், மையின்மேல் வெளிக்காற்றைக் காட்டிலும் சற்றே குறைந்த அழுத்தத்தை யந்திரம் வைத்து அதை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே பதில். அந்தப் பிடி தளர்ந்தால் ஹெட்டின் அடியில் மை முத்து முத்தாகக் கோத்துப் பிரதியின்மேல் சொட்டும். பிடி இறுகினால் மை உள்வாங்கி, நாசில் வழியே காற்று ஏறிவிடும். பழைய ஹெட்டுக்குச் சரியாக இருந்த நிலை புதிதுக்கும் சரியாக இருக்கும் என்று எண்ணி வேக்யூமைத் திருத்துகிற திருகாணியைப் பாராமலே விடுகிறவர்கள் அநேகர்.

சரி, பாதி ஹெட் முழுதாக அச்சிடுகிறது, மறு பாதியில் ஒரு கோடும் இல்லை என்றால்? அத்தனை துவாரங்களும் ஒழுங்காக ஒரு வரிசையில் ஏகோபித்து அடைபடுவது இயற்கையில் நடக்கிற காரியமன்று. அது பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை. கேபிளை மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். பலகையில் ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், பக்கத்து நிறத்தின் இணைப்போடு இந்த ஹெட்டின் இணைப்பை இடம் மாற்றிப் பார்ப்பது ஒரு பழைய உபாயம்: குறை ஹெட்டைத் தொடர்ந்து போனால் ஹெட்டில் கோளாறு, ஹெட் எங்கே போனாலும் குறை பழைய இடத்திலேயே நின்றால் பலகையிலோ கேபிளிலோ கோளாறு. உபாயம் நல்லதுதான். ஆனால் கருகிய ஹெட் ஒன்றை நல்ல பலகையில் மாட்டினால் பலகையும் போகும், கெட்ட பலகையில் நல்ல ஹெட்டை மாட்டினால் ஹெட்டும் போகும் என்பதால், மீட்டரை வைத்துக் குறுக்கு மின்னோட்டம் இல்லையென்று நிச்சயித்துக்கொண்ட பிறகே இதில் இறங்கலாம். ஆத்திரத்தில் செய்கிற பரிசோதனைகளில் இதைப்போல் விபரீதமானது வேறில்லை.

கோடுகள் யாவும் விழுந்தாகிவிட்டது. இருந்தும் படம் இரட்டையாகத் தெரிகிறது, முகத்தின் ஓரத்தில் சிவப்பு நிழல் தட்டுகிறது, எழுத்து மங்கிக் கிடக்கிறது என்ற புகார் வருகிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கேதான் வரிசைக்கிரமம் முக்கியமாகிறது. ஒவ்வொரு ஹெட்டின்மேலும் அதற்கு இத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்ற ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். பீங்கானைச் சுடுகையில் ஏற்படுகிற சிறு வேற்றுமைகளால், ஒரே ரகத்து ஹெட்டுகளிலும் அந்த எண் ஒன்றுக்கொன்று சற்று மாறுபடும். பழைய ஹெட்டின் எண்ணை மென்பொருளில் அப்படியே விட்டுவிட்டுப் புது ஹெட்டை ஓட்டினால், மின்னழுத்தம் குறைந்த இடத்தில் துளி சிறுத்து நிறம் வெளிறும். கூடின இடத்தில் துளி பெருத்து, துணைத் துளிகள் சிதறிப் புகைபோல் படியும். பீங்கானின் ஆயுளும் குறையும். மையின் தடிப்பு வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், ஹெட்டை உள்ளிருந்து சூடாக்குகிற ஹீட்டர் உரிய நிலைக்கு வந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொண்டு, முதலில் இந்த எண்ணைத் திருத்த வேண்டும். அதன் பிறகுதான் அலைன்மென்ட்.

ஏன் அப்படி? ஹெட்டுக்கும் ஃபிளெக்ஸுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. துளி அதைக் கடந்து கீழே விழுவதற்குள் ஹெட்டைச் சுமக்கிற கேரேஜ் ஓடிக்கொண்டே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலின் வாசலில் நிற்பவர் கையிலிருந்து நழுவிய கைக்குட்டை, நழுவிய இடத்துக்கு நேர் கீழே விழாமல் ரயில் போகிற திசையில் தள்ளி விழுவதைப் போல, மைத்துளியும் போகிற திசையில் தள்ளியே விழுகிறது. திரும்பி வரும் ஓட்டத்தில் எதிர்ப்புறம் தள்ளி விழுகிறது. இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்ப்பதற்குத்தான் போக்குவரத்து அலைன்மென்ட் என்கிற திருத்தம். துளியின் வேகமோ மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. ஆகவே அலைன்மென்ட்டை முதலில் முடித்துவிட்டு, நிறம் வெளிறியிருக்கிறதே என்று பிறகு வோல்ட்டேஜைக் கூட்டுகிறவர், தாம் பாடுபட்டுச் செய்ததைத் தாமே கலைத்துவிடுகிறார். தடித்த ஃபிளெக்ஸ் ஏற்றியதற்காக ஹெட்டின் உயரத்தைக் கூட்டினாலும் அதே கதைதான். ஹெட் தன் இருக்கையில் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் திருகாணியால் திருத்துவது முதல் படி. மற்ற நிறங்களோடு அதைப் பொருத்துவது அடுத்தது. போக்குவரத்து அதற்கு அடுத்தது. ஃபிளெக்ஸை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எவ்வளவு நகர்த்துவது என்கிற 'ஸ்டெப்' கணக்கு எல்லாவற்றுக்கும் கடைசி. பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு தெரிந்தால் ஸ்டெப் அதிகம், கறுத்த கோடு தெரிந்தால் ஸ்டெப் குறைவு. இது பாலபாடம். ஆனாலும் ஹெட் சாய்ந்து நிற்பதால் வருகிற கோட்டை ஸ்டெப்பால் திருத்த முயன்று ஓர் இரவைப் பாழாக்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டிக்கென்று ஒரு விசேஷக் கஷ்டமும் உண்டு. பழைய இரும்பை உருக்குகிற இண்டக்ஷன் உலைகளும், அதைக் கம்பியாக உருட்டுகிற ரோலிங் மில்களும் நெருங்கியிருக்கிற வட்டாரம் இது. அப்படிப்பட்ட பெருஞ்சுமைகள் ஏறி இறங்கும்போது, அவற்றின் அருகே உள்ள மின்வழிகளில் அழுத்தம் அசைவது மின்சாரத்தின் சுபாவம். ரோலிங் மில்லுக்கு அது பொருட்டல்ல. சில வோல்ட் வித்தியாசத்தில் துளியின் பருமன் மாறுகிற ஹெட்டுக்கு, அதை ஓட்டுகிற பலகைக்கு, அது பொருட்டுத்தான். நல்ல யூ.பி.எஸ். ஒன்றும், யந்திரத்துக்கென்றே தனியாகப் புதைத்த எர்த்தும் இல்லாத கடையில் ஹெட்டுகள் சீக்கிரம் போவதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தால் சில வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. கோடையில் எர்த்துக் குழி வறண்டுவிடுகிறது. அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதற்கு ஆகிற செலவு யாருக்கும் தெரிந்ததே. எர்த்து கெட்ட இடத்தில், குளிர்பதன அறையின் உலர்ந்த காற்றில் ஓடுகிற ஃபிளெக்ஸ் தன்மேல் நிலைமின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு, விழுகிற துளிகளைத் திசை மாற்றி எழுத்தின் ஓரங்களில் மயிர் முளைத்தாற்போல் செய்துவிடும். அதையும் புது ஹெட்டின் கணக்கில் எழுதுகிறார்கள்.

திருவள்ளூரை அடுத்த காக்களூர், திருமழிசை முதலிய சிட்கோ பேட்டைகளில் பொறியியல் வரைபடம் அச்சிடுவதற்கு வைத்திருக்கிற பிளாட்டர் வேறு ஜாதி. அவற்றில் பலவற்றின் ஹெட் பீங்கானால் அன்று, வெப்பத்தால் இயங்குவது. ஊசிமுனையளவு மையைக் கணத்தில் கொதிக்கச் செய்து, அந்த ஆவிக் குமிழியின் உந்தலால் துளியைத் தள்ளுவது. ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், பற்றவைக்கும் சூட்டுக்கோல் தற்செயலாக மைச் சிரிஞ்சின் ஊசியில் பட்டு மை தெறித்ததிலிருந்து இந்த யோசனை பிறந்தது என்று சொல்லுவார்கள். இவ்வகையில் ஹெட் மாற்றுவது எளிது, குமாஸ்தாவே செய்யலாம். மாற்றிய பின் யந்திரம் அதை ஏற்க மறுத்து விளக்கைச் சிமிட்டினால், பாதுகாப்பு மூடியையோ பட்டையையோ அகற்ற மறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செம்பு முனைகளைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்துவதே முக்கால்வாசி வைத்தியம். அலைன்மென்ட்டைத் தானே செய்துகொள்ளும் யந்திரங்களில் அதற்குச் சாதாரண வெள்ளைத் தாள் ஏற்றியிருக்க வேண்டும். கண்ணாடிபோன்ற ஃபிலிமை ஏற்றிவிட்டு, உள்ளிருக்கும் ஒளி உணர்வி கோடுகளைக் காணாமல் தவிக்கும்போது ஹெட்டைக் கடைக்குத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

மீண்டும் ஃபிளெக்ஸ் யந்திரத்துக்கே வருகிறேன். கழற்றியெடுத்த பழைய ஹெட்டைப் பெரும்பாலோர் அன்றைக்கே குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். அதைச் செய்ய வேண்டாம். ஃபிளஷ் திரவத்தைச் செலுத்திக் கழுவி, உள்ளேயும் அதையே நிரப்பி, மூடிக் கட்டி, கழற்றிய தேதியையும் எந்த நிறத்தில் இருந்தது என்பதையும் அதன் வோல்ட்டேஜ் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிட வேண்டும். புது ஹெட் மாட்டியும் அதே இடத்தில் அதே பாதி விழாமல் நின்று, கடைசியில் குற்றம் கேபிளின்மேல்தான் என்று தெரிய வருகிற நாளில், செத்துவிட்டதென்று தள்ளிவைத்த பழையது பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். புதுக் கேபிளோடு அதையே திரும்ப மாட்டி ஓட்டிக்கொண்டு, வாங்கிய புதியதை அடுத்த ஆபத்துக்கென்று பத்திரப்படுத்திக்கொள்ளலாம். ஜி.என்.டி. சாலையோரத்துக் கடைகள் சிலவற்றில் இன்றைக்கும் அப்படி ஓடுகிற ஹெட்டுகள் இருக்கின்றன.